ஸ்காக்ஸ் வீட்டு வாசிப்பு

கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் பின்பக்கத்தை டார்லீன் மறுபடியும் முதலிலிருந்து உரக்க வாசித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அவள் விரல் நின்று நிதானமாக நகர்ந்தது. எதிரே பிரிட்ஜெட் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாதாரணக் குடும்பங்கள் வீட்டில் எதை, எப்படி வாசிக்கின்றன என்பதுதான் பிரிட்ஜெட்டின் முனைவர் பட்ட ஆய்வு. ஏழு வருடமாக இழுத்தடிக்கிறது. இண்டியானாவின் இந்தச் சிற்றூரில் லாரி மெக்கானிக் கர்ட்டிஸ் ஸ்காக்ஸ், மனைவி டார்லீன், ஆறு வயது மகள் ஜோஸி ஆகியோரின் இயல்பான வாசிப்பைப் பதிவு செய்துவிட்டால் பட்டம் கையில். ஆனால் எந்த வீட்டில் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியைப் பாராயணம் செய்கிறார்கள்?

வந்த புதிதில் இவர்கள் வாயே திறக்கவில்லை. பேனாவைக் கண்டால் மூவரும் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டார்கள். பிரிட்ஜெட் தன் வழிகாட்டிப் பேராசிரியை வினிஃப்ரெடிடம் போய்ப் புலம்பினாள்.

"பேனாவைத் தூக்கிப் போடு. படிச்சவள்னு காட்டிக்காத. அவங்கதான் டீச்சர், நீ மாணவி. அப்படித்தான் உட்காரணும்" என்றார் அவர்.

பிரிட்ஜெட் அப்படியே செய்தாள். பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய், "நீங்க எப்படிப் படிக்கிறீங்கன்னு கத்துக்கத்தான் வர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்கங்க" என்றாள்.

டார்லீன் கர்ட்டிஸைப் பார்த்தாள். கர்ட்டிஸ் மெல்ல எழுந்து டி.வி.யை அணைத்தான்.

அன்று தொடங்கியதுதான் இந்த உரத்த வாசிப்பு.

"நம்பவே முடியல, புரொஃபசர். மாவு மூட்டையக்கூட விடாம வாசிக்கிறாங்க."

"நீ இன்னும் மேதாவியா தெரியற. இறங்கு. கண்ணுக்கு முன்னாடி இருக்கறதையும் அவங்களயே கேளு."

இறங்கினாள். டார்லீன் கடைத் தள்ளுபடிச் சீட்டை நீட்டினால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன், என்ன போட்டிருக்கு?" என்பாள். ஒருநாள் கர்ட்டிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ரோட்டு போர்டெல்லாம் பார்த்துதான் ஓட்டிட்டு வர்றீங்களா, பிரிட்ஜெட்?"

அடக்கமாக இருக்க வேண்டுமே என்று, "எங்க? அந்தப் பெரிய சோளக் கிடங்கு வந்தா இடதுபக்கம் திரும்பிடுவேன், அவ்வளவுதான்" என்றாள்.

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுவாரம் வீடு முழுக்கச் சீட்டு. குளிர்பெட்டி மேல் 'குளிர்பெட்டி', கதவின் மேல் 'கதவு', நாயின் கழுத்தில்கூட 'நாய்'. அது பாவம், சீட்டைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஜோஸி தன் படப்புத்தகத்தைப் பிரிட்ஜெட்டின் மடியில் விரித்து, "அவசரமே இல்ல ஆண்ட்டி" என்று அவளுக்காகப் பக்கத்தைத் திருப்பினாள்.

வினிஃப்ரெட் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடிக்கிறாங்கம்மா. உனக்காக ஒரு நாடகம். இதைக் கமிட்டி முன்னாடி வச்சேன்னா உன்னையும் கிழிப்பாங்க, என்னையும் கிழிப்பாங்க. போய் நேருக்கு நேர் கேளு. இல்லேன்னா அத்தியாயத்தையே தூக்கிடு."

அந்த அத்தியாயம் போனால் ஆய்வே போன மாதிரி. பிரிட்ஜெட் வழியெல்லாம் அழுதுகொண்டே காரை ஓட்டினாள். ஏழு வருடத்தை நினைத்துப் பாதி அழுகை. அந்த நல்ல மனிதர்களைப் பார்த்து 'நடிக்கிறீங்களா' என்று கேட்க வேண்டியிருக்கிறதே என்று மீதி.

உள்ளே நுழைந்ததும், "டார்லீன், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"அப்புறம் கேளு கண்ணு. முதல்ல உட்காரு."

மேசை நடுவே ஒரு கேக். டார்லீன் வேலை பார்க்கும் பேக்கரியில் அவளே செய்தது. கர்ட்டிஸ் வேலை உடுப்பை மாற்றிச் சட்டை போட்டிருந்தான். கேக்கின் மேல் பெரிய பெரிய எழுத்துகளில், இடம்விட்டு இடம்விட்டு, என்னவோ எழுதியிருந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

பிரிட்ஜெட் இருந்த மனநிலையில் பணிவும் மறந்தது, ஆய்வு முறையும் மறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள்:

"எங்கள் பிரிட்ஜெட்டுக்கு, உன்னால் முடியும், அன்புடன் ஸ்காக்ஸ் குடும்பம்."

டார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். கர்ட்டிஸ் சன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

ஜோஸி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஆண்ட்டிக்குப் படிக்க வந்துடுச்சு. இனிமே நாம பழையபடி டி.வி. பாக்கலாம்ல?"