முட்டைக் கார் தேறிய கதை

பூச்சியம் என்றுதான் திரையில் இருந்தது. மோகனராஜ் மறுபடி கூட்டிப் பார்த்தான். பூச்சியம்தான்.

கண்டி நகரில் ஒரு சிறிய காப்புறுதிக் கம்பனியில் அவனுக்கு வேலை. பத்து வயது கடந்த காருக்கு முழுக் காப்புறுதி வேண்டுமென்றால், அது பிலிமத்தலாவைப் பரிசோதனை நிலையத்தில் முதலில் தேற வேண்டும். பிரேக்கையும் டயரையும் பார்ப்பார்கள். எந்த மாடல் அதிகம் தவறுகிறதோ அதற்கு அபாயமும் அதிகம், கட்டணமும் அதிகம். அப்படியொரு பட்டியல் கேட்டிருந்தார் முகாமையாளர் சண்முகநாதன்.

நிலையத்துப் பதிவேட்டில் இருந்ததெல்லாம் கார் மாடல்களுக்கு ஊர் வைத்த பெயர்கள். பெட்டிக் கார் நூற்றுக்குப் பதினெட்டு தவறியிருந்தது. மூக்கன் இருபத்தேழு. முட்டைக் கார் மட்டும் கடந்த பதினான்கு மாதங்களில் அறுபத்தொன்று வந்து, ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்கு முந்திய வருடம் பத்துக்கு நாலு தவறிய கார் அது.

"ஒண்டும் பெயிலாகேல்லையோ?" சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, புதுக் காரே அப்பிடி வராது. பதிவேட்டை எடுத்துப் பாரும்."

பார்த்தான். அறுபத்தொரு இலக்கத் தகடுகள், அறுபத்தொரு உரிமையாளர்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பெட்டியையும் மூக்கனையும் மூன்று தடவை சரிபார்த்தவன், முட்டையை அதோடு விட்டுவிட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியும். அவன் மனைவி யசோதினி ஓட்டியது முட்டைக் கார்.

"இது யாரையும் நடுவழியில விடாது" என்பாள். அவன் சிரிப்பான். நாலு நாள் காய்ச்சலில் அவள் போய்ப் பதினைந்து மாதமாகிவிட்டது. அப்போது கார் பிலிமத்தலாவையில் இப்திகார் நானாவின் கராஜில் நின்றது. புது டயரும் புது பிரேக்கும் போட அவள்தான் விட்டிருந்தாள். அவன் போய் எடுக்கவில்லை. வேலைக்கு பஸ்ஸில் வருகிறான். நானாவும் நெருக்கியதில்லை. எப்போதாவது தொலைபேசியில் பேசினால், அவசரமில்லை, மனசு சரியானதும் வாங்க தம்பி என்பார். வண்டி நிற்கும் இடத்துக்கு வாடகைகூடக் கேட்டதில்லை. இப்படியும் ஒரு மனிதர் என்று மோகனராஜ் நினைத்துக்கொள்வான்.

தன் வீட்டுப் பொருள் எதுவானாலும் யசோதினி நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிடுவாள். குடையில், சார்ஜரில், அவனுடைய சோற்றுப் பெட்டி மூடியில். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அவன் மூடியைக் கழுவுவான்.

பூச்சியத்துக்கு மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். ஒன்று எழுதினான்: முட்டைக் கார் வைத்திருப்பவர்கள் இயல்பிலேயே கவனமானவர்கள். எழுதி முடித்தபோது யசோதினிக்குப் பிந்தியாவது பதில் சொல்லிவிட்டதுபோல இருந்தது. கொழும்புத் தலைமையகத்துக்கு அது பிடித்துப்போயிற்று. முட்டைக் காருக்குக் கட்டணத்தில் கால்வாசி குறைத்தார்கள்.

மறுவாரமே முட்டைகள் வரிசையாக வரத் தொடங்கின. கதவைக் கயிற்றால் கட்டிய முட்டை வந்தது. கோழிக்கூடாக இருந்த முட்டையும் கழுவிக்கொண்டு வந்தது. அத்தனையும் தேறின.

பிறகு இழப்பீட்டுப் படிவங்கள் வந்தன. பன்விலவில் ஒரு முட்டை இறக்கத்தில் நிற்காமல் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் போய் நின்றது. மடுல்கெல்லவில் ஒன்று தேர்க் கொட்டகைக்குள் புகுந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒன்று மோதியது கம்பனியின் சொந்த முகவருடைய மோட்டார் சைக்கிளில். அவர் முழங்கால் கட்டோடு வந்து, தன் படிவத்தைத் தானே நிரப்பினார்.

மோகனராஜ் ஒரு யோசனை சொன்னான்: முட்டைக் காருக்கு மட்டும் பிரேக்கை இரண்டு தடவை சோதிப்பது. சோதித்தார்கள். இரண்டு தடவையும் தேறின. அப்படியானால் குற்றம் காரில் இல்லை, மலை வீதியில்தான் என்று தலைமையகம் முடிவுகட்டி, கட்டணத்தை இன்னும் குறைத்தது.

அந்த வாரம் ஐந்து படிவங்கள்.

சண்முகநாதன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்து உம்மடை. திங்கக்கிழமை கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். காரணத்தைச் சொல்லும், இல்லாட்டி ராஜினாமாக் கடிதத்தோட இரும்."

"கணக்குல பிழை இல்ல சார்."

"ஓம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மறுநாள் காலை மோகனராஜ் பிலிமத்தலாவை பஸ் ஏறினான். வேலை போவதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. யசோதினி சொன்னது பொய்யாகிவிடுமே என்பதுதான் உறுத்தியது. யாரென்று சொல்லிக்கொள்ளாமல், நிலையத்து வாங்கில் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் ஒரு நீல முட்டை வந்தது. உடம்பெல்லாம் துரு, டயர்கள் மட்டும் புத்தம் புதிது. சக்கரத்தின் நடுமூடியில் சிவப்பாக ஒரு பொட்டு. தேறியது. முக்கால் மணி கழித்து ஒரு சாம்பல் முட்டை வந்தது. அதிலும் பொட்டு. நிலையத்து அடையாளமாக இருக்கும் என்று நினைத்தான். மூன்றாவதாக வந்த பச்சை முட்டையிலும் பொட்டைக் கண்டதும் எழுந்து நின்றான்.

பிரேக் மேடையில் இருபது வருடமாக நிற்கும் வீரையா துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"நீங்களும் முட்டைதானா?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் நேரா இங்க வந்தீங்க? மொதல்ல இப்திகார் நானா கராஜுக்குல்ல போகணும்."

"எதுக்கு?"

"தெரியாதா? அங்க ஒரு முட்டை சும்மா நிக்குது. சம்சாரம் செத்ததுலேருந்து சொந்தக்காரரு எட்டியே பாக்கலயாம். சக்கரம், பிரேக் எல்லாம் புதுசு. அத மாட்டிக்கிட்டு வந்து, பாஸானதும் கழட்டிக் குடுத்துருவாங்க. நானாவுக்கு ஏதோ கொஞ்சம் குடுப்பாங்க."

மோகனராஜ் கையில் பிடித்திருந்த சோற்றுப் பெட்டி மூடியின் பொட்டைப் பார்த்தான். பிறகு பச்சை முட்டையின் சக்கரத்தைப் பார்த்தான்.

"இதுவரைக்கும் நூத்திரண்டு கார் பாஸாயிருக்கே," என்றான்.

வீரையா சிரித்தார்.

"நூத்திரண்டு காரு எங்கங்க பாஸாச்சு? செத்துப்போன அந்த அம்மாவோட ஒரு காருதான் நூத்திரண்டு தடவ பாஸாயிருக்கு."