கொய்யா இலையும் கல்யாணத் தண்ணீரும்

கீர்த்தி, முகிலு, தண்ணீர் கேனைப் பார்த்தாலே அம்மா ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பிறக்கும் முன், காரிமங்கலத்தில் சலீம் பாயின் கேன் தண்ணீர் கம்பெனியில் வேலை செய்தேன். நம் ஊர் போர் தண்ணீர் பல்லைக் கறையாக்கும். இரும்புத் தொட்டியை அவ்வளவாகத் தொடாது. உள்ளே உப்புப் படிந்து காப்பாற்றிவிடும். சுத்திகரித்த தண்ணீரில் அந்த உப்பு கிடையாது, இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். (இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு எதுவுமே பிறகுதான் தெரியும்.)

பாய் மகள் கல்யாணம் நெருங்கும்போது எவர்சில்வர் தொட்டி ஓட்டையாகிவிட்டது. "கல்யாணத் தண்ணி உன் பொறுப்பு, சின்னசாமி" என்றார் பாய். பழைய இரும்புத் தொட்டியை மாட்டினேன். இரண்டே நாளில் குழாயில் துரு வந்தது.

போனில் ஒரு வீடியோவில் ஒருவர் கொய்யா இலைச்சாற்றில் ஆணியைப் போட்டுக் காட்டினார். சாறு இரும்பின் மேல் தோல் மாதிரி படிந்து துருவைத் தடுக்குமாம், கெமிக்கலே வேண்டாமாம். (குடிக்கிற தண்ணீரில் ஊற்று என்று அவர் சொல்லவே இல்லை.) பாய் வீட்டு விசேஷமாயிற்றே என்று ஓர் அண்டா நிறையக் கொய்யா இலையைக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றினேன். சாயங்காலம் கேன் பிடித்தபோது வெளிறிய டீ நிறம். நீலக் கேனுக்குள் அதுவும் தெரியவில்லை.

காலையில் மண்டபத்தில் பிரியாணி மாஸ்டர் கேனைக் கவிழ்த்தார். கன்னங்கரேல் என்று கொட்டியது. இலையின் துவர்ப்பும் துருவும் ராத்திரியெல்லாம் கூடிப் பேனா மை ஆகிவிட்டிருந்தன.

"ஏம்ப்பா, பிரியாணி போடவா, துணிக்குச் சாயம் போடவா?"

"மூலிகைங்க மாஸ்டர்."

"அப்ப நீயே குடி. முந்நூறு பேரு உக்காரப் போறாங்க, நான் அரிசியை எதுல போடட்டும்?"

மாப்பிள்ளை வீட்டார் வேன் வாசலில் நின்றது. பாய் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நேராகச் சம்பந்தியிடம் போய், "தண்ணி நான் சரியாப் பாக்கலைங்க, சாப்பாடு ஒரு மணி நேரம் லேட்டாகும், மன்னிச்சுக்கோங்க" என்றார். திரும்பி வந்து மெல்ல, "ஓடு சின்னசாமி, டேங்கர் கொண்டா. வந்தவங்க பசியோட போகக் கூடாது" என்றார்.

டேங்கர் வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். கதை ஊரெல்லாம் பரவிவிட்டது; பிறகு நான் பெண் பார்க்கப் போனபோது உங்கள் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "மைத் தண்ணி நீங்கதானுங்களா?" என்பதுதான்.

அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் தனியாகத் தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்கினேன். சுவரில் கறுப்பாக, வழவழவென்று ஒரு தோல் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் புதுத் துரு இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பால் கறந்து முடித்த மாட்டைத் தட்டுவதுபோல, தொட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினேன்.