தூணோரம் சும்மா நிற்கும் வேலை

கல்யாண வீடுகளில் அப்பா மட்டும் ஏன் வேலை செய்யாமல் தூணோரம் நிற்கிறார் என்று கேட்டீர்களே பிள்ளைகளா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குக் கிடைத்த தண்டனை.

தொண்ணூறுகளில் அச்சரப்பாக்கம் பக்கம் எந்தக் கல்யாணமானாலும் பரிமாறுவது என் கூட்டாளிகள்தான். நான் தலைவன். (நானே வைத்துக்கொண்ட பதவி.) ஒவ்வொரு கல்யாணத்திலும் எதையாவது குறைத்து வேகத்தைக் கூட்டுவேன். உபரி வாளி போனது. உபரி கரண்டி போனது. அடுத்தவன் வாளியைத் தொடக்கூடாது, வாளியைக் கீழே வைக்கவே கூடாது என்று சட்டம் வேறு. முக்கால் மணி நேரப் பந்தி இருபது நிமிடத்தில் முடிந்தது.

திருப்போரூரில் உங்கள் செல்வி அத்தை கல்யாணம். ஒரு வரிசை கூடுதலாகப் போட்டு, நடுவே நடக்கும் வழியை ஓராள் அகலச் சந்தாக்கினேன். கடைசியாக, எப்போதும் தோளில் துண்டோடு தூணில் சாய்ந்து நிற்கும் கூட்டாளி ஏழுமலையையும் குறைத்தேன்.

“நான் சும்மா இல்ல அண்ணாத்த, பாத்துக்கினு கீறேன்.”

“பாக்கறதுக்கு இது இன்னா தெருக்கூத்தா? போய் பந்தியில குந்து!”

முதல் பந்தி, சம்பந்தி வீட்டார். சோறு விழும்வரை கடிகாரம் மாதிரி போனது. பிறகு சாம்பார் முருகனின் வேட்டி பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டது. ஒரு கையில் வாளி, மறு கையில் கரண்டி. இன்னும் ஓரடி வைத்தால் முருகன் வருவான், வேட்டி வராது.

“தலைவரே, அவுருது!”

அவன் பின்னால் ரசம், பாயசம், மோர் எல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகள் போல நின்றன. முன்னால் இலை இலையாக வெறும் சோறு. சந்துக்குள் நுழைய வழியில்லாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னாபா, பொண்ணு தர்றீங்க, கொழம்பு தர மாட்டீங்களா?” என்று இலையை மூடப் போனார். அவர் மூடினால் சம்பந்தி வீடு மொத்தமும் எழுந்துவிடும். வாசலில் மாலையோடு நின்ற செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழுமலை மேஜைக்கு அடியில் புகுந்து வந்தான். தன் துண்டை முருகன் இடுப்பில் கட்டினான், வாளியைப் பிடுங்கித் தாய்மாமன் முன் நின்றான்.

“உனுக்குன்னு அடியில கீற முருங்கக்காய தேடினதுல லேட்டு மாமா. கைய எடு!”

தாய்மாமன் சிரித்துவிட்டார். இலையை மூடவில்லை. முருகனின் வேட்டி மட்டும் கொடி மாதிரி ஆணியிலேயே தொங்கியது.

இப்போதும் எந்த விசேஷமானாலும் செல்வி அத்தை என் தோளில் துண்டைப் போட்டுத் தூணைக் காட்டுகிறாள். “அண்ணா, நீ ஒண்ணியும் செய்யாத. அதான் உன் வேல.”

யாராவது சிரித்தால் நான் சொல்வது ஒன்றுதான்: “சும்மா இல்ல, பாத்துக்கினு கீறேன்.”