மச்சினரை மீட்டெடுத்த டேப்

சாமி கும்பிட்டதால் வேலை போகும் நிலைக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பொறுப்பாளராக இருந்தேன். (முப்பது கம்ப்யூட்டருக்கு ராஜா என்று நினைப்பு.) யார் யார் கம்ப்யூட்டரில் நுழையலாம், யாருக்கு என்ன அதிகாரம் என்ற பெயர்ப்பட்டியல் முழுக்க சர்வரில் இருந்தது. அதைப் பாட்டு கேசட் மாதிரி இருக்கும் டேப்பில் நகல் எடுத்து வைப்பது என் வேலை.

ஆயுத பூஜையன்று அந்த டேப்புகளுக்கெல்லாம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். ஒன்றுக்கு மூன்று பொட்டு, கஞ்சத்தனமே கிடையாது.

பூஜை முடிந்து மில் திறந்த காலையில், வேலையை விட்டுப்போன ஒருவர் பெயரை நீக்கப்போய் மொத்தப் பட்டியலையும் நீக்கித் தொலைத்தேன். ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய நூல் லாரிகள் கம்ப்யூட்டரில் போடும் சீட்டு இல்லாமல் வாசலில் நின்றன. முதலாளி வந்தார்.

"ஏலே, மத்தியானத்துக்குள்ள லாரி கெளம்பல, நீ கெளம்பிரு."

டேப்புகளை எடுத்தால் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது, ஒன்றும் ஓடவில்லை. மேசை டிராயரில் மறந்து கிடந்த ஒன்று மட்டும் என் பக்திக்குத் தப்பியிருந்தது. ஒன்றரை மாதப் பழசு. சர்வரை மீட்பு முறையில் இயக்கி, அதைப் போட்டேன். பட்டியல் திரும்பி வந்தது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அந்த ஒன்றரை மாதத்துக்குள் முதலாளி, மேனேஜராக இருந்த தன் மச்சினரைச் சண்டைபோட்டுத் துரத்திவிட்டு, மதுரைக்காரர் ஒருவரை அந்த இடத்தில் வைத்திருந்தார். பழைய டேப்புக்கு இந்தக் குடும்பச் சண்டை எப்படித் தெரியும்? பட்டியலில் மச்சினர் மறுபடி மேனேஜர். மதுரைக்காரர் பெயரே இல்லை.

லாரிச் சீட்டுப் போட உட்கார்ந்த ஸ்டோர்க்காரர், சீட்டில் மேனேஜராக மச்சினர் பெயர் வருவதைப் பார்த்துவிட்டார். லாரியை அனுப்பிய கையோடு மச்சினருக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, ஒங்கள திரும்பச் சேத்துட்டாவ போலுக்கு!" மதுரைக்காரரோ நாலு தடவை பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தார். தன்னை நாசூக்காகப் போகச் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டி பஸ் ஏறிவிட்டார். (மானஸ்தர். நானாக இருந்தால் இன்னும் தட்டிக்கொண்டிருப்பேன்.)

மத்தியானம் மச்சினர் கடலை மிட்டாய்ப் பெட்டியோடு வந்து முதலாளி காலில் விழுந்தார். பின்னாலேயே முதலாளியம்மா கண்ணீரோடு வந்தார்.

"எந்தம்பிய மன்னிச்சிட்டிய! ஒங்க மனசு தங்கம்லா!"

முதலாளி என்னை ஓரமாக இழுத்துப்போனார். "எவம்லே இவன உள்ள விட்டது?"

"டேப்பு பழசு மொதலாளி. இப்பமே பேர எடுத்துருதேன். அம்மாட்டயும் நானே சொல்லிருதேன்."

"வாயத் தொறந்தே, கொன்னுருவேன்." மனைவியை எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தம்மா அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவையாம். "ஒன்ன வெளிய அனுப்புனா விசயமும் வெளிய போயிரும். இங்கனயே கெடந்து தொல."

என் வேலை நிரந்தரமானது இப்படித்தான். இன்றைக்கும் என் மச்சினன் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றால், "என்னப்பா, பழைய டேப்பப் போட்டுட்டியளா?" என்று என் மகள் கேட்பாள். வீட்டில் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி.