குவாந்தான் சூரியன்

ஒன்றுமே தெரியாதவனால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. எல்லாம் தெரிந்தவனாலும் இல்லை. நடுவில் ஒருத்தன் இருப்பான் பாருங்கள், நாலு விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஐந்தாவதைத் தானே முடிவு செய்துகொள்கிறவன், அவனால்தான் எல்லா வம்பும். இருபத்தைந்து வயதில் அந்த நடு ஆள் நான்தான். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், வரிசையாக நாலு வீட்டுக்காரர்களின் நோன்பை ஒரே மாலையில் முறித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. வேறு பெருமை இதுவரை சேரவில்லை.

எங்கள் வீடு பாகான் டாலாமில். வாசலில் சூலம், உள்ளே முருகன் படம், தைப்பூசத்துக்கு மொட்டை. வேலை மட்டும் கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின் பழுதுபார்ப்பது. அங்கேதான் ஜமால் எனக்கு நண்பனானான். அவன் அத்தாவை நான் மாமா என்றும் அம்மாவை மாமி என்றும் கூப்பிடுவேன். மாமா முப்பது வருஷம் நாசி கண்டார் கடையில் சோற்றுக்குக் கறி ஊற்றியவர். நாலு குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றிவிட்டு, எதில் எவ்வளவு என்று சொல்லவே மாட்டார். ஆனால் மார்க்கத்தைப் பற்றிக் கேட்டால் ஒன்று விடாமல் சொல்வார்.

நானோ கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிற ஜென்மம். பள்ளிவாசலுக்குள்ளே ஏன் சிலையே இல்லை? (இறைவனுக்கு உருவம் கிடையாது தம்பி, எதை வைக்க?) முகமது நபியைக் கும்பிடுவீர்களா? (அஸ்தஃபிருல்லாஹ்! அவர் மனுஷர், இறைத்தூதர். கும்பிடுவது ஒருவனைத்தான்.) எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவீர்கள்? ஊரின் பழைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் யார்? அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் மாமாவின் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

"நம்ம ஆளுங்கதான் தம்பி. கப்பல்ல மிளகும் துணியும் கொண்டாந்தவங்க. அரபு நாட்டு வியாபாரிங்க நம்ம தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தாங்க, அவங்களோட மார்க்கமும் வந்துச்சு. அப்புறம் நம்ம ஆளுங்க இங்க வந்தாங்க. தமிழ்லதான் பேரம் பேசுனாங்க, பள்ளிவாசல்ல தமிழ்லதான் பயான் கேட்டாங்க."

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். தீபாவளி ஐப்பசியைத் தாண்டாமல் நிற்கிறது, நோன்பு மாதம் மட்டும் ஏன் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் ஓடி வருகிறது? மாமா சிரித்தார். "நீங்க நிலாவைச் சூரியனோட சேத்துக் கட்டி வெச்சிருக்கீங்க. நாங்க அவுத்து விட்டுட்டோம். பிறை பாத்தா மாசம் பொறக்கும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, மாசத்துக்குத்தான் நிலா. ஒரு நாள் நோன்புக்குச் சூரியன்தான் கணக்கு. வெளுக்கறதுக்கு முந்தி சாப்பிட்டு முடிக்கணும், சூரியன் மறைஞ்சாத்தான் திறக்கணும்."

நிலா எனக்குப் பாடமாகிவிட்டது. சூரியன்தான் காலை வாரிவிட்டது.

கேட்டுக்கொண்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அவர்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தேன்! ஐந்து கடமைகளையும் விரல்விட்டு மாமியிடம் ஒப்பித்தேன்: கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத், ஹஜ். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா ஒப்பிக்கிறே தம்பி, கஞ்சி ஆறுது" என்றார். ஜமால் ஒருநாள் இடது கையால் தண்ணீர் குடித்ததற்கு அவனை நான் கண்டித்தேன். "டேய், நான் பொறந்ததுலேர்ந்து முஸ்லிம்டா" என்றான். "அதனாலதான் உனக்கு அலட்சியம்" என்றேன். (அன்றைக்கே அவன் என்னை அறைந்திருந்தால் பின்னால் இத்தனை பேர் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்.)

அந்த வருஷ நோன்பு மாமாவுக்குச் சாதாரண நோன்பில்லை. இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சில் அடைப்பு வந்து குழாய் வைத்திருந்தார்கள். டாக்டர் நோன்பே கூடாது என்று சொல்லிவிட்டார். முடியாதவர்கள் நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்கு உணவு கொடுக்கலாம், மாமாவும் கொடுத்தார். ஆனாலும் அந்த இரண்டு ரமலானிலும் மத்தியானச் சோறு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று மாமி சொல்வார். மூன்றாம் வருஷம் டாக்டர் சரியென்று தலையசைத்தார். ஒரு நாள்கூட விடாமல் முடித்துவிட வேண்டும் என்று மாமா நெஞ்சில் வைராக்கியம். சுவர் காலண்டரில் ஒவ்வொரு நோன்பு முடிந்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுவார். இருபத்தைந்து வட்டம் ஆகியிருந்தது. இன்னும் நாலோ ஐந்தோ, அது பிறையைப் பொறுத்தது.

இருபத்தாறாம் நோன்பு அன்று என்னை நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு வாரம் நான் குவாந்தானில் இருந்தேன். அங்கே புது மெஷின் பொருத்தும் வேலை. கூட வேலை செய்த மலாய்க்காரர்கள் தொழுகை நேரத்தில் எழுந்து போவார்கள். நேரம் தெரிந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாமே என்று ஃபோனில் தொழுகை நேரம் காட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். 'நீங்கள் இருக்கும் இடத்தை நானே கண்டுபிடித்துக்கொள்ளட்டுமா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. பேட்டரி தீருமே என்ற அல்பத்தனத்தில், வேண்டாம் என்று சொல்லி, ஊரை நானே தட்டினேன். குவாந்தான். வேலை முடிந்து ஊர் திரும்பினேன். ஆப் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு ஐந்தாம் மாடி ஏறினேன். ஏழு மணிக்கு மழை பிடித்தது. சும்மா மழையில்லை, வானத்தை யாரோ கவிழ்த்துக் கொட்டிய மழை. டமாரென்று ஓர் இடி, கரண்ட் போனது. மாமி மெழுகுவர்த்தி ஏற்றினார். தரையில் விரித்த பாயில் பேரீச்சம்பழம், பள்ளிவாசல் கஞ்சி, வடை, ரோஸ் சிரப் பால். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். காற்றுக்காக வாசற்கதவு திறந்திருந்தது. காரிடாரில் எல்லா வீட்டுக் கதவும் அப்படித்தான்.

"கீழ சூராவ்ல பாங்கு சொன்னா இந்த மழையில கேக்காதே" என்று மாமா கவலைப்பட்டார். சூராவ் என்பது அடுக்குமாடிக்குக் கீழே இருந்த சின்னத் தொழுகைக்கூடம். அங்கிருந்து வரும் தொழுகை அழைப்புதான் பாங்கு, சாயங்காலம் அதைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார்கள். கரண்ட் இல்லையென்றால் ஒலிபெருக்கியும் ஊமை.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தானே நான் பிறந்தேன்! "கவலையே படாதீங்க மாமா. என் ஃபோன் பாங்கு சொல்லும்" என்று அதைச் சுவாமி படம் போலச் சுவரில் சாய்த்து வைத்தேன். சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் அது சொன்னது. நல்ல குரல். அந்த இருட்டில், மழைச் சத்தத்துக்கு மேலே, எனக்கே மெய்சிலிர்த்தது.

"அதுக்குள்ளயா?" என்றார் மாமா.

"டேய், இன்னும் டைம் இருக்குடா" என்றான் ஜமால், கைக்கடிகாரத்தை மெழுகுவர்த்தியிடம் காட்டி. அவன் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடும் என்பது ஃபேக்டரி முழுக்கத் தெரிந்த சேதி. (அன்று காலையில்தான் அதைச் சரிசெய்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.)

"உன் வாட்சை நம்பி நம்ம ஷிஃப்டே லேட்டாச்சு லா. இது சாட்டலைட், மச்சான்." அதோடு விட்டேனா? பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து மாமா கையில் வைத்தேன். "மாமா, நீங்கதானே சொன்னீங்க? நேரம் வந்துட்டா நோன்பு திறக்கத் தாமதிக்கக் கூடாது!"

அதற்கு மேல் மாமா என்ன செய்வார்? அவர் சொன்ன பாடத்தை அவருக்கே திருப்பிப் படித்துவிட்டேனே. பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டார். மாமியும் போட்டார். ஜமால் என்னை முறைத்துக்கொண்டே போட்டான்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்) வாசலில் தலையை நீட்டி, "சுடா கெ?" என்று கேட்டார். ஆயிற்றா என்கிறார். "சுடா, மாக்சிக், சுடா!" என்று ஃபோனைத் தூக்கிக் காட்டினேன். அவர் அடுத்த வீட்டுக்குச் சொன்னார், அவர்கள் அதற்கு அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். என் புண்ணியத்தில் அந்தப் பக்கமே கஞ்சியில் கை வைத்தது.

நானும் சாப்பிட்டேன். மூன்று வடை, இரண்டு கிண்ணம் கஞ்சி. அன்று பகலில் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் உள்ளே தள்ளியவன் நான். ஆனால் அங்கே இருந்தவர்களில் அதிகப் பசி எனக்குத்தான்.

மாமா கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, தொழுகை விரிப்பை எடுத்து உதறினார். அப்போது கரண்ட் வந்தது.

விசிறி சுற்றியது. கீழே சூராவ் ஒலிபெருக்கி கரகரவென்று உயிர் பெற்றது. குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ஜமால் வடையை மெல்வதை நிறுத்தினான். "அத்தா, பாங்குக்கு முன்னாடிதானே இப்படி ஓதுவாங்க?"

ஓதுவது நின்றது. ஒரு நிமிஷம் மழை மட்டும் பெய்தது. பிறகு பாங்கு வந்தது, என் ஃபோன் சொன்ன அதே வார்த்தைகள். அந்த வீட்டில் அன்று சூரியன் இரண்டாவது முறையாக மறைந்தது.

காரிடாரில் ஒவ்வொரு கதவாக ஆள் எட்டிப் பார்த்தார்கள். மாக்சிக் கையில் பாதி கடித்த பலகாரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். மாமா விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி தேடி மாட்டி, "தம்பி, அந்த ஃபோனைக் கொண்டா" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"குவாந்தான்."

"குவாந்தானா?" என்றார் மாமி.

"அது கிழக்குக் கரை. சூரியன் அங்க முந்தி மறைஞ்சிரும். நமக்குப் பன்னண்டு நிமிஷம் கழிச்சுத்தான்." திட்டுகிற குரலில்லை. எப்போதும் எனக்குப் பாடம் சொல்வாரே, அதே குரல். அதுதான் இன்னும் சுட்டது.

நான் விடவில்லை. மூழ்குகிறவன் வைக்கோலைப் பிடிக்கிற மாதிரி, "மாமா, மறந்துபோய் சாப்பிட்டா நோன்பு முறியாதுன்னு சொன்னீங்களே!" என்றேன்.

"மறதி வேற தம்பி. நோன்புங்கிற நெனப்பே இல்லாம சாப்பிட்டா மன்னிப்பு உண்டு. இது நெனப்போட, நேரத்தைத் தப்பாக் கணிச்சு சாப்பிட்டது. குற்றம் இல்ல, ஆனா நோன்பும் இல்ல. பின்னால ஒரு நாள் களா நோன்பு பிடிச்சு ஈடு கட்டணும்."

சொல்லிவிட்டுக் காலண்டரிடம் போனார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். இருபத்தாறாம் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுத் தொழப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஏங்கிக் காத்திருந்த மனுஷருடைய வைராக்கியத்தை, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று கெடுத்துவிட்டேனே! மாமி பதறிப்போய், "விடு தம்பி, சாப்பிடு" என்றார். "இன்னும் என்னத்தம்மா சாப்பிட? கஞ்சிச் சட்டியே காலி" என்றான் ஜமால்.

தொழுது முடித்ததும் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லாரும் களா பிடிக்க வேண்டுமே, சொல்லாமல் விடக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும் நான் கைகட்டி நின்று, எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டு, "குவாந்தான்" என்று முடித்தேன். முதல் வீட்டில் முறைத்தார்கள். மாக்சிக் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, என் கையில் இரண்டு பலகாரத்தைத் திணித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். ஊர் நோன்பைக் கெடுத்தவன் இரண்டு கை நிறையப் பலகாரத்தோடு திரும்பினேன்.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள் மாமா களா நோன்பு பிடித்தார். அன்று நானும் பிடித்தேன். யாரும் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து சோறு தின்ற என்னைப் பார்த்து, "சஷ்டிக்கு மத்தியானம் வரைக்கும் தாங்க மாட்டியேடா நீ" என்றார் அம்மா. மூன்று மணிக்கு ஃபேக்டரி மெஷினெல்லாம் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. இதை மாமா அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மாதம் செய்தாரா என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை எனக்கு நோன்பு என்றால் ஐந்து விரலில் ஒன்று, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்தாம் மாடிக்குப் போனேன். என் காய்ந்த உதட்டைப் பார்த்ததுமே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்தார். கீழே பாங்கு சொன்னது. சாப்பிட்டுத் தொழுது வந்தபின் காலண்டரை ரமலான் மாதத்துக்குத் திருப்பி, சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீ போடு." நான் போட்ட வட்டம் முட்டை மாதிரி வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவசரக்காரனுக்குப் பெயர் குவாந்தான்காரன். கறி வேகுமுன் மூடியைத் திறந்தால் "என்ன, குவாந்தான்ல வெந்திருச்சா?" என்பார் மாமி. என் கல்யாணத்துக்கு ஜமால் ஒரு மணி நேரம் லேட்டாக வந்து, "நான் பினாங்கு டைம்" என்றான். நோன்பு மாதத்தில் நான் போனால் வாசலிலேயே மாமி ஒரு கூடையை நீட்டுவார். செருப்பு வெளியே, ஃபோன் கூடையில்.

பெருநாளுக்குப் பின் ஆறு நாள் விருப்ப நோன்பு பிடிப்பது அவர்கள் வழக்கம். அதில் ஒரு நாளை மாமா எனக்காக ஒதுக்கிவிட்டார். வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தோம். அதற்கு வீட்டில் குவாந்தான் நோன்பு என்றே பெயர். இந்த வருஷம் டாக்டர் மறுபடியும் கூடாது என்று சொல்லிவிட்டார், இந்த முறை ஒரேயடியாக. அதனால் நான் மட்டும் பிடித்தேன். மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் வாசல் கூடையில் கிடந்தது. கீழே பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தில் நான் கை வைக்கவில்லை, மாமா முகத்தைப் பார்த்தேன்.

"எடு தம்பி" என்றார். "இது பினாங்குச் சூரியன்தான்."