முந்தி பாக்கியில் நிமிர்ந்த பேரரசு

எழுபத்தொன்றிலோ எழுபத்திரண்டிலோ, நெசவாளர் சங்கங்களின் நிர்வாகத்தைச் சீர்படுத்தியே தீருவது என்று மேலிடம் முடிவு செய்து, சங்கத்துக்கொரு அட்டைப்பெட்டி அனுப்பியது. காஞ்சிபுரத்துச் சங்கம் ஒன்றுக்கு வந்த பெட்டியில் தேசப்படம் வரைந்த பலகை, மரச் சிப்பாய்கள், நெல்மூட்டை என்று எழுதிய வில்லைகள், ‘நலிவுற்ற பேரரசு: அதிகாரிகளுக்கான பயிற்சி விளையாட்டு’ என்றொரு கையேடு. கூடவே உத்தரவு: பேரரசைப் பத்துச் சுற்று கவிழாமல் காத்த பின்னரே அதிகாரி வேறு கோப்புகளைத் தொடலாம்.

அந்த வேறு கோப்புகளில் ஒன்று நெசவாளி வீரபாகுவின் ஜரிகை. கூரம் கிராமத்து ராமலிங்கம், மகள் காந்தாவின் கல்யாணத்துக்குச் சங்கத்தில் சொல்லிவைத்த புடவை அவன் தறியில் இருந்தது. உடல் முடிந்துவிட்டது; முந்தி நெய்ய ஜரிகை இல்லை. ஜரிகை கிடங்கில் சௌக்கியமாக இருந்தது. அதை வெளியே எடுக்க ஸ்பெஷல் ஆபீசர் கலியாணசுந்தரத்தின் கையெழுத்து வேண்டும். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நாள்.

வீரபாகு போனபோது ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நேத்து மட்டும் மூணு பேரரசு போச்சுய்யா.”

எதிரே பியூன் கோதண்டபாணி. அலுவலக ஆணைப்படி அவன்தான் எதிரி ராஜா. “நான் இன்னா சார் பண்றது? படையெடுத்தா தானா ஜெயிச்சுக்கினு போவுது.”

வீரபாகு பலகையை எட்டிப் பார்த்தான். கிழக்கே பஞ்சம், தெற்கே கலகம், மேற்கே கோதண்டபாணி.

“முதல் சுத்துல இன்னா பண்ணீங்க சார்?”

“தலைநகருக்கு வரவேற்பு வளைவு.”

“ரெண்டாவது?”

“வளைவைத் திறக்க விழாக்குழு.”

“பஞ்சத்துக்கு?”

“உபகுழு. பஞ்சம் உண்டா இல்லையான்னு தீர்மானம் ஆகாம நெல்லைக் குடுத்துட்டா? நாளைக்கு இல்லைன்னு தீர்மானம் ஆச்சுன்னா, தின்னவன்கிட்டேருந்து எப்படி வாங்கறது?”

பேரரசு நிமிராமல் முந்தி நிமிராது என்று வீரபாகுவுக்குப் புரிந்துபோயிற்று. வேட்டியை மடித்துக் கட்டினான். “கொஞ்சம் நகர்ந்துக்கோங்க சார்.”

முதல் சுற்றிலேயே களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். வளைவுக்குக் காவல் நின்ற சிப்பாய்களை ஏரி வெட்ட அனுப்பினான். “டெண்டர் இல்லாமலா?” என்று ஆபீசர் வியர்த்தார். பஞ்சம் அடங்கியது, சோறு வந்ததும் கலகமும் அடங்கியது. கோதண்டபாணி மட்டும் எல்லையில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ராஜா, உன் பொண்ணுக்குக் கல்யாணம்னு வெச்சுக்கோ. புடவை எங்க தறியில இருக்குது. முந்திதான் பாக்கி. படையெடுப்பியா?” என்றான் வீரபாகு.

எதிரி ராஜா யோசித்தான். “தறி ஒடஞ்சா புடவை போயிடுமேப்பா. எப்போ குடுப்பே?”

“அடுத்த வாரம்.”

அடுத்த சுற்றில் எதிரி ராஜா கேட்டான். இழை அறுந்துவிட்டதாம். அதற்கடுத்ததில், மழையில் பாவு காயவில்லையாம். எட்டாவது சுற்றில், நெய்கிறவன் மாமியார் வீட்டில் சாவாம். “அடப்பாவமே,” என்று எதிரி ராஜா இரண்டு சிப்பாய்களைப் பின்னால் நகர்த்தினான். பத்துச் சுற்றும் பேரரசு அசையவில்லை.

ஆபீசர் அன்றைக்கே அறிக்கை எழுதினார். ‘நம்பிக்கைவழி எல்லைப் பாதுகாப்பு’ என்று அந்த முறைக்குத் திருநாமமும் சூட்டினார்.

“இப்ப ஜரிகை சார்?”

ஆபீசர் முகத்தில் புதிதாக ஒரு தெளிவு. “ரெடியா இருக்குதுப்பா. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அடுத்த வாரம் வாயேன்.”

வீரபாகு அடுத்த வாரம் போனான். முத்திரை மை காய்ந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மேலதிகாரியின் மாமனார் காலமாகிவிட்டார். “அடப்பாவமே,” என்று வீரபாகு தன்னை அறியாமல் சொன்னான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராமலிங்கம் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு நாலு ஆட்களோடு வந்து இறங்கினான். “அந்த ஆபீசரை இன்னைக்கு ஒரு கை பாத்துடறேன்!”

வீரபாகு பதறிப்போய் சங்கத்து வாசலில் குறுக்கே நின்றான். “வேணாம்பா! ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. இப்பப் போய்க் கோவப்படுத்திட்டா அதுவும் கெட்டுடும்.”

ராமலிங்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

மறுநாள் காந்தா அண்ணியின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். பந்தியில் முதல் இலை ஆபீசருக்குப் போட்டார்கள். வீரபாகுவே நின்று பாயசம் பரிமாறினான்.