என் மேப்பில் இல்லாத சத்தம்

பெண்டாட்டியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று மார்கழி முதல் தேதி முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த ரோஷம். லேட்டாக வந்தாலும் ரோஷம் ரோஷம்தான்.

விஷயம், வீடு. எனக்கு உத்தமபாளையத்தில் சர்வே ஆபீஸில் மேப் வரைகிற வேலை. காமயகவுண்டன்பட்டியில் சொந்த வீடு. வண்டியை முறுக்கினால் அரை மணி நேரம். சாயங்காலம் ஆறேகாலுக்கு நான் கைலியில் இருப்பேன். என் வீட்டம்மா நாகஜோதிக்குத் தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. காலையில் ஆறு மணி டவுன் பஸ்ஸில் கம்பம் போய், அங்கே பஸ் மாறிப் போவாள். திரும்பி வர எட்டரை ஆகும்.

"தேனிக்கே குடி போயிருவோம்ங்க. எம் மூஞ்சிய நீங்க வெளிச்சத்துல பாத்து எத்தன நாளாச்சு?"

"சொந்த வீட்ட விட்டுட்டா? அப்ப நாந்தேன் தெனம் பஸ்சுல தொங்கணும்."

"நான் தொங்கல?"

"நீ பழகிட்டத்தா."

இந்த ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் ரசஞ்சோறு.

நாலாம் நாள் கம்பத்திலிருந்து ரஃபி வந்தார். ஓட்டப்பந்தயக் கிளப் நடத்துகிறவர். கிடாத்தலைக் கரட்டில், அதாவது எங்கள் ஊரை ஒட்டிய பாறைக் குன்றில், ஓரியன்டியரிங் போட்டி வைக்கப் போகிறாராம். கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். கரட்டில் எட்டு இடத்தில் கொடி கட்டியிருக்கும். எட்டையும் வரிசையாகத் தேடிப் பிடித்து, அங்கே தொங்கும் பஞ்சிங் கருவியால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு, சீக்கிரம் வந்து சேர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் புத்தி. அந்த மேப்பை வரைந்து கொடுத்ததே நான்தான். வரைந்தவன் ஓடலாமா என்று ரஃபி கொஞ்சம் யோசித்தார். ஆள் பற்றவில்லை, சரி என்றுவிட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஜோதி! ரெண்டு பேரும் ஓடுவோம். யாரு ஜெயிக்கிறாகளோ, அவுக சொல்ற ஊர்ல குடித்தனம். தோத்தவுக வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றாள், யோசிக்கவே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கரடு நடுவில் குறுக்கே படுத்திருக்கிறது. ரஃபி கொடியை எங்கே கட்டினாலும் ஒரு தடவையாவது கரட்டைக் கடந்தே ஆக வேண்டும். கடக்க இரண்டு வழி. ஒன்று, கரட்டைச் சுற்றிப் போகிற வண்டிப்பாதை. கண்ணை மூடிக்கொண்டு போகலாம், ஆனால் தூரம். இன்னொன்று, ஊமையன் ஓடை. தண்ணீர் போய் வருஷக்கணக்காகிறது. அதற்குள் நுழைந்து மேலேறி, ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வலது கிளையில் போனால் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். பாதி தூரம்தான். மேப்பில் உயரக்கோடுகள் அங்கே தள்ளித் தள்ளி இருக்கும். ஏற்றம் லேசு என்று அர்த்தம். இடது கிளையில் கோடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் போனால் முட்டி பேர்ந்துவிடும்.

நாகஜோதி அந்த ஓடைப் பக்கம் வராமல் செய்துவிட்டால் தேனி ஒழிந்தது! அன்று ராத்திரி தோசையைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"எங்க ஆபீஸ் வேல்பாண்டி ஊமையன் ஓடைய அளக்கப் போனானாம். உள்ள துணி துவைக்கிற சத்தம் கேட்டுச்சாம்."

"அங்கன தண்ணியே கெடையாதே."

"அதேன் பயமே! தண்ணியில்லாத ஓடையில, கல்லுல ஈரத்துணிய அடிக்கிற சத்தம். தப்... தப்புன்னு. ஆளு தெரியாதாம்."

"ஆத்தாடி!"

"கூப்புடவும் செய்யுமாம். நமக்கு வேண்டியவுக கொரல்லயே."

"கூப்புட்டா ஏன்னு கேக்கக் கூடாதுல்ல?"

"ரெண்டு தடவைக்குக் கேக்கவே கூடாது. மூணாந்தடவையும் கூப்புட்டா மனுசன். பேயிக்கு ரெண்டுக்கு மேல வராது. சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

"எனக்கெதுக்குச் சாமி? நான் வண்டிப்பாதையிலயே சுத்திப் போயிருறேன்."

வேல்பாண்டி பாவம், அந்த ஓடையைப் பார்த்ததுகூட இல்லை. அத்தனையும் என் சொந்தச் சரக்கு. அன்றைக்கு நான் ஆறு தோசை சாப்பிட்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. அடிவாரமெல்லாம் பனி. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஆளாக ரஃபி அனுப்பினார். நான் முதலில் கிளம்பினேன், எனக்குப் பின்னால் நாகஜோதி. முதல் நான்கு கொடியைச் சட்டுச் சட்டென்று பிடித்தேன். ஐந்தாவது கொடி நான் நினைத்தது மாதிரியே கரட்டுக்கு அந்தப் பக்கம், ஓடையின் வலது கிளை முடிகிற இடத்தில்.

சிரித்துக்கொண்டே ஓடைக்குள் இறங்கினேன்.

அதுவரைக்கும் கம்பம் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கியதும் நின்றுவிட்டது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் பாறை ஈரமாக வியர்த்திருந்தது. என் காலடிச் சத்தம் எனக்கே கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. நான் நின்றால் அது இன்னும் ஒரு அடி வைத்துவிட்டு நின்றது.

எதிரொலிதான். படித்தவன் நான், எனக்குத் தெரியாதா? காம்பஸைப் பார்த்தேன். முள் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கிற வரை காத்திராமல் நடந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

தப்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, தப். ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். வேறு எந்தச் சத்தமும் அப்படி இருக்காது. தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

டேய் ஈஸ்வரபாண்டி, இது நீயாக இட்டுக்கட்டியதுடா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப், என்றது அது. ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் இன்னும் பயமாக இருந்தது.

தட்டுத்தடுமாறி ஓடை பிரிகிற இடத்துக்கு வந்து, வலது பக்கம் காலை எடுத்து வைத்தேன்.

"ஏங்க..."

பனிக்குள்ளேயிருந்து, வலது பக்கம். நாகஜோதியின் குரல். ஆனால் நாகஜோதி வர வாய்ப்பே இல்லை. அவள் வண்டிப்பாதையில், கரட்டுக்கு அந்தக் கோடியில் போய்க்கொண்டிருக்கிறாள். அதற்கு ஏற்பாடு செய்ததே நான்தானே! அப்படியென்றால் என் பெண்டாட்டி குரலில் கூப்பிடுவது யார்?

"ஏங்க... இங்கன வாங்க..."

இரண்டு.

மூன்றாவதுக்காக நின்றேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடு தாயே, இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று வேண்டினேன்.

மூன்றாவது வரவே இல்லை.

இடது பக்கம் ஓடினேன். உயரக்கோடாவது ஒன்றாவது! முள்ளில் சட்டை கிழிந்தது, செருகிக்கொள்ள நேரமில்லாமல் மேப் பறந்தது, பாறையில் நான்கு காலால் ஏறினேன். எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வந்து சேர்ந்தபோது பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. ரஃபி ஓடி வந்தார்.

"என்னண்ணே, நீங்க வரைஞ்ச மேப்புக்கு வெளியயிருந்து வர்றீக! அக்கா வந்து ஒரு மணி நேரமாச்சு."

நாகஜோதி மரத்தடியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீ... எந்த வழியா வந்த?"

"ஓடை வழியாத்தேன்."

"அன்னைக்கு அம்புட்டு பயந்த?"

"பயந்தேந்தேன். ஆனா பன்னெண்டு வருசமா நீங்க வேணாம்னு சொன்ன பக்கமெல்லாம் போயிப் பாத்திருக்கேன்ல. அங்கனதேன் வசதியா இருக்கும்."

பனிக்குள் நடந்த போட்டி செல்லாது, இன்னொரு தடவை ஓடுவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு கேள்வி முந்திக்கொண்டது.

"ஓடைக்குள்ள என்னையக் கூப்புட்டியா?"

அவள் சுண்டலை மெல்வதை நிறுத்தினாள். "நானா? இல்லையே. நான் பயத்துல வாயவே தொறக்கல. ஏங்க, யாரு கூப்புட்டா?"

கரட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நேரே கிடாத்தலைக் கரடு. அன்றிலிருந்து அந்த ஜன்னலை நான் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் துணி துவைத்தால் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். புதன்கிழமை நானே சொன்னேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை தேனிக்குப் போயிருவோம். நீயும் பாவம், எத்தன வருசந்தேன் பஸ்சுல தொங்குவ?"

"ஒங்க இஷ்டம்ங்க" என்றாள்.

தேனியில் மாடி வீடு. சாமான் இறக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடிக்கும்போது நாகஜோதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக. அன்னைக்கு ஓடையில கூப்புட்டது நாந்தேன். பனிக்குள்ள ஒங்கள எங்கனயோ தாண்டி வந்து கொடிக்கிட்ட நின்னேன், நீங்க உருண்டு பெரண்டு வர்றது கேட்டுச்சு. ரெண்டே தடவ கூப்புட்டு நிப்பாட்டிட்டேன்."

"அடிப் பாவி! கேட்டப்ப இல்லைன்ன?"

"ஆமான்னு சொல்லியிருந்தா நீங்க தோத்தும் ஏதாச்சும் சாக்குச் சொல்லி அங்கனயேதேன் ஒக்காந்திருப்பீக. நீங்களா கெளம்பணும்ல?"

கோபம் வந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக வந்தது. பேய் இல்லை, பெண்டாட்டிதான்! ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு இறங்கி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

"சரி, கூப்புட்டத விடு. அந்தத் துணி துவைக்கிற சத்தத்த எப்புடித்தேன் செஞ்ச?"

அவள் சிரிப்பு நின்றது.

"நானா? எனக்கும் கேட்டுச்சு. என்னைய வெரட்ட நீங்க செய்யிறீகன்னுல்ல நெனச்சேன்!"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இங்கிட்டு ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லுங்க. பழைய வீட்டுச் சாவி பையிலதேன் இருக்கு. திரும்பிப் போயிருவமா?"

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு, இதை எங்கன வைக்கணும் என்று கேட்டேன்.